டப்பிங் பாக்கி

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலின் தலைமாட்டில் நான், கதவோரம் முந்தானையில் கையைத் துடைத்தபடி என் அம்மா, ஜன்னலை மறைத்துக்கொண்டு டிரைவர் அண்ணாத்த, கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் கோவளத்துப் பிரியாணிக் கடை பாய். கட்டிலில் சார். இல்லாதவர் சாருடைய மகள். அவர் வேறொரு தேசத்தில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி என் கையிலிருந்த போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்க விரும்பியது அப்பாவின் குரலை. பல வாரங்களாக சார் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாயின் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதில் கட்டுக்கட்டாகப் பழைய நூறு ரூபாய் நோட்டுகள்.

சார் என்று நாங்கள் சொல்லும் மனிதர் ஒரு காலத்தில் உருதுப் படங்களின் காதல் கதாநாயகன். என் வயதுக்காரர்களில் யாருக்கும் அவர் முகம் தெரியாது. ஹைதராபாத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, பதினெட்டு வயதில் பம்பாய்க்கு ஓடிப்போய், வானொலியில் கவிதை வாசிக்கும் வேலையில் சேர்ந்தவர். அந்தக் குரலைக் கேட்ட ஒரு தயாரிப்பாளர், ஆளைப் பார்க்காமலே நாயகனாகப் போடுவதாகச் சொல்லிவிட்டாராம். நேரில் பார்த்தபோது கொஞ்சம் யோசித்தாராம். "என் மூஞ்சி சுமார்தான் நைனா. குரல்தான் சோறு போட்ச்சு" என்பார் சார். அவருடைய தமிழ் சென்னை ஸ்டூடியோக்களில், லைட்மேன்களிடமும் மேக்கப்காரர்களிடமும் கற்றுக்கொண்டது. எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார், என் அம்மாவைத் தவிர. அம்மாவை மட்டும் 'மேடம்'.

அவர் படங்கள் பல இப்போதும் யூட்யூபில் இருக்கின்றன. அம்மா வெங்காயம் நறுக்கும்போது என் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்ப்பார். மொழி புரியாவிட்டாலும் கதை புரிந்துவிடும். நீண்ட கோட்டும், நெற்றியில் விழுந்த ஒரு சுருள் முடியுமாக சார் ஏதாவது ஒரு மாளிகையின் கீழே நிற்பார். மேலே ஜன்னலில் திரை அசையும். கடைசி ரீலில் நண்பனுக்காகக் காதலியை விட்டுக்கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோவார்.

"இன்னா சார் இது" என்று ஒருநாள் அம்மா அவரிடமே கேட்டுவிட்டார். "எப்பப் பாரு ஜன்னலுக்குக் கீழயே நிக்கிறீங்க. வாசக்கதவு தொறந்துதானே கீது? உள்ள போவ வேணாமா?"

சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உள்ள போனா படம் முட்ஞ்சிடும் மேடம். ப்ரொட்யூசர் பதினாறு ரீல் கேக்கிறாரு."

"அப்புறம் பொண்ண தூக்கி ஃப்ரெண்டு கையில குட்த்துட்டுப் போறீங்க. அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அத யாருமே கேக்கல மேடம். நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

நான் அந்த வீட்டுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி. அப்பா காலம் வரை எங்கள் ஆட்கள் பிறர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான். செங்கல்பட்டில் பி.எஸ்சி. முடித்து, பரீட்சைகள் எழுதிக்கொண்டு, வராத வேலை ஆர்டருக்குக் காத்திருந்தேன். அம்மா கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினைந்து வருடங்களாக சார் வீட்டில் சமைத்துவந்தார். சாருக்கு நடை தளர்ந்து மறதியும் வந்தபோது, வெளிநாட்டிலிருந்த மகள் அம்மாவிடம், "அக்கா, தம்பி படிச்சிருக்கானே, டாக்டர்கிட்ட பேசுறது, மாத்திரை குடுக்கிறது எல்லாம் பார்த்துக்குவானா?" என்று கேட்டார். நான் போனேன். ஊரில், "டிகிரி முட்ச்சிட்டு கெழவனுக்குக் கால் கழுவுறான்" என்றார்கள். கால் மட்டுமல்ல என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடு என்றால் பெரிய பங்களா இல்லை. பங்களாவின் பின்கட்டு. முன்னால் இருக்கும் பங்களாவும் தென்னந்தோப்பும் ஒரு காலத்தில் அவருடையவைதான். இந்தச் சாலை வெறும் மணலாக இருந்த நாளில், சென்னை ஸ்டூடியோக்காரர்கள் வட இந்தியப் படங்கள் எடுத்துக் கொழித்தபோது, கிடைத்த பணத்தில் வாங்கியது. பிறகு விற்றார். வாங்கியவர் சென்னையில் இருந்தார். பின்கட்டை மட்டும் சாருக்கே வாடகைக்கு விட்டிருந்தார். சாருக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. "பாரு நைனா, கடல் சத்தம் அதேதான் கேக்குது. அதுக்குத் தனியா வாடகை கேக்கல இல்ல?" என்பார்.

டிரைவர் அண்ணாத்த புதுப்பட்டினத்துக்காரர். காரும் விற்றாகிவிட்டது, டிரைவர் மட்டும் மிச்சம். தன்னுடைய ஷேர் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே, தேவைப்படும்போது வந்துபோவார். "ஹீரோவ ஆட்டோல ஏத்துற ஒரே ஆளு நான்தான் மச்சான்" என்று என்னிடம் பெருமை பேசுவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சார் பேசுவதை நிறுத்தினார்.

முதல் நாள் வரை, மறதி இருந்தாலும், பேச்சு நிற்காது. சில நாள் அவருக்கு நாங்கள் எல்லோரும் தெரிவோம். சில நாள் அறை ஸ்டூடியோவாகிவிடும். மின்விசிறியைப் பார்த்து, லைட்டைக் குறைக்கச் சொல்வார். அன்று காலையில் காபி கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். "சூடு சரியா இருக்கா சார்?" என்றேன். தலையாட்டினார். மாத்திரைக்கு வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டு மூடிக்கொண்டார். சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டபோது திரையைப் பார்த்துச் சிரித்தார், கை அசைத்தார். "அப்பா, பேசுங்கப்பா" என்று மகள் சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கவாதமாக இருக்கும் என்று பயந்து செங்கல்பட்டிலிருந்து டாக்டரை அழைத்துவந்தோம். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கையை இறுக்கச் சொன்னார். சார் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போனார். "பேச்சுக்கு ஒண்ணும் ஆகல. பேச மாட்டேங்கிறாரு, அவ்வளவுதான். ஆனா கிட்னி ரெண்டும் போய்க்கிட்டு இருக்கு தம்பி. இந்த வயசுல நான் எங்கயும் தூக்கிட்டுப் போகச் சொல்லமாட்டேன். பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துக்கிட்டா நல்லது."

பார்க்க வேண்டியவரால் வர முடியாது. அந்த தேசத்தில் தங்குவதற்கான காகிதங்கள் அவருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன் இருக்கிறான். கணவர் இல்லை. இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொன்னபோது, நான் படித்த படிப்பில் இதற்கு ஏதாவது வழி இருக்குமா என்று இரண்டு நாள் போனில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாட்டு அலுவலகத்தின் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பியது. கடைசியில் அவருக்கே தெரிந்திருந்ததுதான் எனக்கும் தெரிந்தது.

"வர முடியல தம்பி. பரவால்ல. அவர் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்" என்றார் மகள். "பேரு சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

எங்களால் ஆனதைச் செய்தோம். அம்மா மிரட்டிப் பார்த்தார்: "பேசுனாதான் இன்னிக்கு மீன் கொழம்பு. இல்லன்னா வெறும் கஞ்சிதான்." சார் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினார். சாயங்காலம் மீன் குழம்பும் வைத்தார். டிரைவர் அண்ணாத்த வேண்டுமென்றே சார் படத்து நாயகிகளைத் திட்டிப் பார்த்தார், கோபத்திலாவது வாய் திறப்பார் என்று. சார் புருவத்தை உயர்த்தியதோடு சரி.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் படம் ஒன்றைப் போனில் போட்டு, முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நாற்பது வயதுக்கு மேல் அவர் நடித்த கடைசிக் காதல் படம், மங்கிய பிரதி. சாரின் உதடுகள் அசையத் தொடங்கின. திரையில் இளைய உதடுகள் எப்படி அசைகின்றனவோ, அப்படியே, ஒரு இம்மி முன்னே பின்னே இல்லாமல். ஆனால் சத்தம் இல்லை. காற்றுகூட வரவில்லை. திரையிலிருந்து வந்த குரல் மட்டும் கேட்டது. அது கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

இதை வீடியோவாக எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் படத்தையா போட்டே?" என்றார். "இதுல வர்றது அப்பா குரல் இல்ல."

அப்போதுதான் அந்தக் கதை முழுதாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம். பேசிய சம்பளத்தில் கொஞ்சம் முன்பணம், கொஞ்சம் படப்பிடிப்பு நடக்கும்போது. மிச்சத்தை டப்பிங் அன்றுதான் கேட்பார்கள். முகத்தைக் கொடுத்துவிட்டாலும் குரல் இன்னும் கையில் இருக்கிறதே. குரலையும் கொடுத்துவிட்டால் தயாரிப்பாளர் அப்புறம் ஆளைக் கண்டால் ஒளிவார். அதனால் பணத்தை எண்ணி வாங்கி உள்பையில் வைத்த பிறகுதான் மைக் முன்னால் நிற்பார்கள். இந்தக் கடைசிப் படத்தின் தயாரிப்பாளர் பாக்கியைத் தரவில்லை. சார் டப்பிங் பேசவில்லை. பிடிவாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளர் யாரோ ஒருவரைப் பிடித்து, சாருடைய வாயில் அந்தக் குரலைப் போட்டுப் படத்தை வெளியிட்டுவிட்டார். தியேட்டரில் காதல் வசனம் வந்த இடங்களிலெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். முகம் சுமார், குரல்தான் சோறு போட்டது. அந்தக் குரலே இல்லை என்றான பிறகு யாரும் அவரை நாயகனாகப் போடவில்லை. அதன்பிறகு பல வருடங்கள் சென்னையில் அவர் பிழைத்தது குரலை மட்டும் வாடகைக்கு விட்டுத்தான். மொழிமாற்றுப் படங்களில் வில்லன்களுக்கு உருது பேசினார்.

"சின்ன வயசுல என்னைக் கூட்டிட்டுப் போவாரு" என்றார் மகள். "உள்ள போறதுக்கு முன்னாடி காசு வாங்கி எண்ணுவாரு. வாங்கற வரைக்கும் ஸ்டூடியோவுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டாரு. என்கிட்டகூட. தலையை மட்டும் ஆட்டுவாரு." பிறகு சொன்னார்: "தம்பி, அப்பா இப்ப அங்கதான் இருக்காரு."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப காச குட்த்தா பேசுவாரா?"

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வேறு எதுவும் கையில் இல்லை.

தயாரிப்பாளராக நடிக்க உருது தெரிந்த ஆள் வேண்டும். டிரைவர் அண்ணாத்த பிரியாணிக் கடை பாயை அழைத்துவந்தார். பாய் வீட்டில் உருதுதான் பேசுவார்கள். இளவயதில் சாரின் சுருள்முடியைப் பார்த்துத் தானும் ஒரு முடியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தவர். இப்போது தலை முழு வழுக்கை. சார் இங்கேதான் இத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டதும், "அட அல்லாவே, நான் மாசம் ரெண்டு வாட்டி இந்தப் பக்கம் எலுமிச்சம்பழம் வாங்க வந்துகினு கீறேனே!" என்று வழுக்கையில் கையை வைத்துக்கொண்டார்.

பாய் கட்டிலருகே உட்கார்ந்து உருதுவில் ஏதோ மரியாதையாகச் சொன்னார். சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வலது கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சாயிரம்" என்றார் டிரைவர் அண்ணாத்த. "அந்தக் காலத்துல அஞ்சாயிரம்னா இன்னா சும்மாவா!"

அந்த மாத வீட்டுச் செலவுக்கென்று மகள் அனுப்பியிருந்ததிலிருந்து பத்து ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து பாயிடம் கொடுத்தேன். பாய் நீட்டினார். சார் ஒரு நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புரட்டினார். அவர் முகத்தில் வந்த வெறுப்பை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. மொத்தத்தையும் விசிறி அடித்தார். நோட்டுகள் கட்டிலுக்கடியில் பறந்தன.

மகள்தான் இதற்கும் விளக்கம் சொன்னார். அப்பா பணத்தைக் கையில் தொட்டு எத்தனையோ வருடமாகிறது. புது நோட்டு அவருக்குத் தெரியாது. படப்பிடிப்பில் பெட்டி நிறையப் பணம் காட்ட வேண்டுமென்றால் அச்சடித்த டம்மி நோட்டு வைப்பார்கள். இதை அதுவென்று நினைத்துவிட்டார்.

"செத்துப்போன நோட்டுக்கு எங்க போறது?" என்றார் அம்மா.

"நூறு ரூபா பழசு இன்னும் ஓடுதுக்கா" என்றார் டிரைவர் அண்ணாத்த. "நீலக் கலரு. அத குட்த்துப் பாக்கலாம்."

ஐம்பது நோட்டு சேர்ப்பது பெரிய வேலையாக இல்லை. டிரைவர் அண்ணாத்தயின் ஆட்டோ வசூல், பாயின் கல்லா, எல்லாவற்றிலும் மாற்றிச் சேர்த்து மறுநாளே கொடுத்தோம். சார் வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். தலையணைக்கடியில் வைத்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சார் மறுபடியும் கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினார்.

பாய் உருதுவில் ஒவ்வொரு தொகையாகச் சொல்லிக் கேட்டார். பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பதாயிரம் என்றதும் தலையாட்டினார். கொடுத்த ஐயாயிரத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது வண்டிச்செலவாக இருக்கலாம் என்று பாய் அபிப்பிராயப்பட்டார்.

ஐம்பதாயிரம். மகளிடம் சொல்லத் தயங்கி, பாதி நாள் போனை எடுக்காமல் இருந்தேன். அவர் அங்கே ஒரு கடையில் அலமாரிகளில் சாமான் அடுக்குகிறார். சொன்னதும், "முப்பது அனுப்புறேன்" என்றார். "மிச்சத்துக்கு ஒரு மாசம் டைம் வேணும் தம்பி." ஒரு மாதம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்றிரவு டிரைவர் அண்ணாத்தயைச் சாருக்குத் துணையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என்னிடம், "சீட்டு எட்த்துடலாம்னு கீறேன்" என்றார். கூரையை ஓட்டிலிருந்து மாற்றுவதற்காக அவர் கட்டிவந்த ஏலச்சீட்டு. தள்ளி எடுத்தால் இருபதாயிரம் வரும்.

"அம்மா, அது நமக்கு…"

"தெர்யும்டா. அந்தப் பொண்ணு போன்ல அழுவுது, என்னால ஒரு கொழம்பு ஒழுங்கா தாளிக்க முடியல. ரெண்டு நாளா உப்பே போடல, நீ சொன்னியா? கூரை ஒழுவுனா குண்டான் வெக்கலாம். இதுக்கு இன்னாத்த வெக்கிறது?"

பணம் வந்தது. நோட்டு வரவில்லை. ஐம்பதாயிரத்துக்குப் பழைய நூறு என்றால் ஐந்நூறு நோட்டு. வங்கியில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தார். "எல்லாரும் பழசைக் குடுத்துப் புதுசு கேப்பாங்க. நீ இன்னா தலைகீழா கேக்கிற?" வந்த பழைய நோட்டையெல்லாம் அவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். ஊதா நிறப் புது நூறுதான் கட்டாக இருந்தது. அதை நீட்டினால் சார் விசிறி அடிப்பார்.

நானும் டிரைவர் அண்ணாத்தயும் ஆட்டோவில் அலைந்தோம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் இடுப்புப் பையிலிருந்து ஈரமும் செதிலுமாக எடுத்துக் கொடுத்தார்கள். "கல்யாணத்துல மொய் வெக்கவா?" என்று ஒரு அக்கா கேட்டார். "டப்பிங்குக்கு" என்றார் டிரைவர் அண்ணாத்த. அந்த அக்காவுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் இன்னும் மூன்று நோட்டு தேடிக் கொடுத்தார். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்து அர்ச்சனைக் கடைகள். மாமல்லபுரத்தில் சங்குமாலை விற்பவர்கள். "வர்றவங்க எல்லாம் போன்ல ஸ்கேன் பண்ணிட்டுப் போயிடுறாங்கப்பா, நோட்டு எங்க கண்ணுல படுது?" என்றார் இளநீர்க்காரர். கடைசியில் கிழிந்த நோட்டு மாற்றுகிற ஒருவரைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டருகே பிடித்தோம். அவரிடம் நூற்றிருபது நோட்டு இருந்தது. நூறுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கேட்டார். கொடுத்தோம்.

இதற்குள் சாருக்குக் கால் வீங்கிவிட்டது. கஞ்சியும் பாதி வெளியே வந்தது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நான் அறைக்குள் நுழையும்போது என் கையைப் பார்ப்பார். கை காலியாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருமுறை அவர் காலடியில் உட்கார்ந்து தமிழில், இங்கிலீஷில், யூட்யூபில் கற்ற நாலு உருது வார்த்தையில் எல்லாம் கெஞ்சினேன். இது ஸ்டூடியோ இல்லை, உங்கள் மகள் ஏங்கிக்கொண்டிருக்கிறார், ஒரே ஒரு வார்த்தை. அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை.

அப்படித்தான் அந்த மதியம் வந்தது.

பாய் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். மஞ்சப்பையைத் திறந்து கட்டுகளைப் போர்வைமேல் அடுக்கினார். சார் எழுந்து உட்கார வேண்டும் என்று சைகை காட்டினார். முதுகுக்கு நான் என் தோளைக் கொடுத்தேன். எண்ணத் தொடங்கினார். இரண்டு கட்டுக்குப் பிறகு கண் சொருகியது. மறுபடியும் விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து எண்ணினார். போனில் மகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "வேலைக்கு லேட் ஆவுதா பாப்பா?" என்று அம்மா கிசுகிசுத்தார். "இருக்கட்டும்க்கா" என்று பதில் வந்தது.

எண்ணி முடித்தார். கட்டுகளைத் தலையணைக்கடியில் தள்ளினார். தண்ணீர் கேட்டார், சைகையால்தான். இரண்டு மிடறு குடித்துத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே போனில் மகளை "அப்பா!" என்று கத்த வைத்தது. சார் விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லோரையும் அடக்கினார். பிறகு என் இன்னொரு கையைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. அம்மாதான், "படம்டா, படத்தப் போடு" என்றார்.

டிரைவர் அண்ணாத்தயின் போனில் அந்தக் கடைசிப் படத்தின் கடைசிக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டேன். ரயில் நிலையம். நாயகி பெட்டி வாசலில். இளைய சார் பிளாட்பாரத்தில். உதடுகள் அசைந்தன.

சார் பேசினார்.

அந்தக் குரலை நான் எழுத முயன்றேன், வரவில்லை. எலும்பும் வீங்கிய காலுமாக இருந்த அந்த உடம்புக்குள் இவ்வளவு பெரிய இடம் எங்கே இருந்தது என்று நினைத்தேன், அவ்வளவுதான். திரையில் உதடு மூடும் இடத்தில் குரலும் நின்றது. நாயகி பேசும்போது காத்திருந்தார். மறுபடியும் பேசினார். ஓரிடத்தில் மெல்லச் சிரித்தார், திரையிலும் அவர் சிரித்தார். போனில் மகள் அழுதுகொண்டே, "அப்பா, நான்தான், அப்பா" என்றார். சார் கையை உயர்த்தினார், டேக் நடக்கும்போது பேசக் கூடாது என்பதுபோல. மகள் அடங்கிப்போனார். ரயில் கிளம்பியது. காட்சி முடிந்தது.

சார் பாயைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். என் தோளிலிருந்து நழுவிப் படுத்துக்கொண்டார்.

"அப்பா" என்றார் மகள். "ஒரு தடவை என் பேரு." நான் போனை அவர் காதருகே வைத்தேன். வாயருகே வைத்தேன். அவர் நிம்மதியான முகத்தோடு கண்ணை மூடியிருந்தார். வேலை முடிந்துவிட்டது. அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "சார், பாப்பா பேரு சார், ஒரு வாட்டி சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிரைவர் அண்ணாத்த வெளியே போய்விட்டார்.

"இன்னா பாய் சொன்னாரு அதுல?" என்று அம்மா கடைசியில் கேட்டார்.

பாய் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "பெருசா ஒண்ணுமில்ல தங்கச்சி. வண்டி கெளம்பப் போவுது, ஜன்னல சாத்திக்கோ, கரித்தூள் கண்ணுல வுழும். அவ்ளோதான்."

மகள் போனை வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"குரல் நல்லா இருந்துச்சு இல்ல தம்பி?" என்றார் மகள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

அதற்குப் பிறகு சார் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது இறந்திருந்தார். பாய் தன் பள்ளிவாசல் ஆட்களிடம் பேசி அடக்கத்துக்கு இடம் வாங்கித் தந்தார். தலையணையை எடுத்தபோது பணம் அப்படியே இருந்தது. மகள் அனுப்பியதை அவருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். "அது அப்பா வேலை பார்த்து வாங்கின சம்பளம் தம்பி. நான் எப்படி எடுப்பேன்? அவருக்கே செலவு பண்ணு. உன் அம்மாவை மட்டும் சீட்டுக் காசை எடுத்துக்கச் சொல்லு" என்றார். அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவுரு எண்ணி வாங்குனது. நான் தொடமாட்டேன்."

உடலைச் சுற்றிய கபன் துணி, குழி வெட்டிய கூலி, வண்டி, டாக்டருக்குப் பாக்கி, பின்கட்டின் மூன்று மாத வாடகை என்று அந்த நீல நோட்டுகள் போய்ச் சேர்ந்தன. அந்தக் குரலுக்கு ஆன கணக்கு: முதலில் கொடுத்த ஐயாயிரம், பின்னால் கொடுத்த ஐம்பதாயிரம், நோட்டு மாற்றியவருக்குக் கமிஷன் அறுநூறு, ஆட்டோவுக்குப் பெட்ரோல் அறுநூற்று நாற்பது. ஆக, ஐம்பத்தாறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.